டேட்: சொல்லும் பொருளும் தமிழும்

ஆங்கிலத்தில் ‘டேட்’ என்பது தேதி. இருவர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள நாளும் நேரமும் பேசிவைத்துச் சந்திப்பதும் ‘டேட்’தான், அப்படி உடன் வருபவரையும் ‘மை டேட்’ என்பார்கள். பேரீச்சம்பழத்தைக் குறிக்கும் ‘டேட்’ இவற்றோடு உறவில்லாதது. அது விரல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

தேதியைக் குறிக்கும் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘டாட்டா’ என்றால் கொடுக்கப்பட்டது. உரோமர்கள் தங்கள் கடிதங்களில், இன்ன ஊரில் இன்ன நாளில் கொடுக்கப்பட்டது என்று குறிப்பார்கள். அந்தக் குறிப்பின் முதற்சொல்லே பின்னர் நாளுக்குப் பெயராகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பேச்சில், சந்திக்கக் குறித்த நாள் சந்திப்பையே குறிக்கத் தொடங்கியது. 1896-இல் சிகாகோ நாளிதழ்ப் பத்தி ஒன்றில் காதல் சாயலோடு இச்சொல் வந்திருக்கிறது.

ஆகவே நாள் குறிக்காத அழைப்பு ‘டேட்’ ஆகாது. ‘லெட்ஸ் ஹேங் அவுட் சம்டைம்’ என்றால் கேட்பவர் நட்புப் பேச்சாக எடுத்துக்கொண்டு மறந்துவிடுவார். ‘ஆர் யூ ஃப்ரீ ஆன் சாட்டர்டே?’ என்று மட்டும் கேட்டால், எதற்கென்று தெரியாமல் பதில் சொல்லத் தயங்குவார். அழைப்பில் செயல், நாள், நேரம் மூன்றும் இருக்கட்டும்: ‘வுட் யூ லைக் டு கெட் காஃபி வித் மீ ஆன் சாட்டர்டே, அரௌண்ட் ஃபைவ்?’ இதில் ‘வித் மீ’ இருவர் மட்டும் என்பதைத் தெளிவாக்குகிறது. ‘வுட் யூ லைக்’ மறுக்கவும் இடம் தருகிறது. ‘ஐ வாண்ட் யூ டு கம்’ கட்டளைபோல ஒலிக்கும். நட்பா விருப்பமா என்ற ஐயமே வரக்கூடாதென்றால் ‘ஆன் எ டேட்’ என்று வெளிப்படையாகச் சேர்த்துக் கேட்பதே நேர்மையானது.

தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் பேசும்போது சறுக்கும் இடங்கள் சில உண்டு. நேற்று ஒருமுறை சந்தித்ததை ‘ஐ டேட்டட் ஹிம் எஸ்டர்டே’ என்பது பிழை. ‘ஐ வென்ட் ஆன் எ டேட் வித் ஹிம்’ என்பதே சரி. ‘டேட்’ வினைச்சொல்லாக வந்தால் தொடர்ந்து பழகுவதைக் குறிக்கும். ‘வீ ஆர் கோயிங் அவுட்’ என்பதும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் ‘டுநைட்’ சேர்ந்தால் வெறுமனே வெளியே போகிறோம் என்றாகிவிடும். ‘டுடே நைட்’ வேண்டாம், ‘டுநைட்’ போதும். ‘அப்பாயின்ட்மென்ட்’ மருத்துவருக்கும் ‘மீட்டிங்’ அலுவலகத்துக்கும் உரியவை.

நாளைச் சொல்வதிலும் கவனம் வேண்டும். ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ சிலருக்கு வரும் வெள்ளி, சிலருக்கு அதற்கடுத்த வெள்ளி. 5/6 என்பது பிரிட்டிஷ் வழக்கில் ஜூன் 5, அமெரிக்க வழக்கில் மே 6. பிரிட்டனில் ‘ஹாஃப் சிக்ஸ்’ என்றால் ஆறரை. மாதப் பெயரோடு தேதியை எழுதி, நேரத்தை எண்ணில் குறித்துவிட்டால் குழப்பமில்லை.

பதிலைப் புரிந்துகொள்வது அழைப்பதைவிட நுட்பமானது. ‘ஐ’ட் லவ் டு’ என்றால் சம்மதம். ‘ஐ காண்ட் ஆன் சாட்டர்டே, ஹௌ அபௌட் சண்டே?’ என்று மாற்று நாள் சொன்னாலும் விருப்பம் இருக்கிறது. ‘மேபி சம் அதர் டைம்’ என்று நாள் சொல்லாமல் நிறுத்தினால் அது பெரும்பாலும் மென்மையான மறுப்பு; ‘ஓகே, நோ வொரீஸ்’ என்று சொல்லி அத்தோடு விட்டுவிட வேண்டும். ‘ரெயின் செக்’ கேட்பவர் இன்னொரு நாள் பார்ப்போம் என்கிறார். மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றால் மறுமுறை வரத் தந்த சீட்டின் பெயர் அது. அந்த இன்னொரு நாளை அவரே சொல்லட்டும்.

இனித் தமிழ். அகப்பொருள் மரபில் இதற்கு நெருங்கிய சொல் இருந்தது: குறி. தலைவனும் தலைவியும் சந்திக்கக் குறித்த இடம் குறியிடம். பகலில் சந்திப்பது பகற்குறி, இரவில் சந்திப்பது இரவுக்குறி. ஆங்கிலச் சொல் நாளிலிருந்து கிளைத்தது, நம் சொல் இடத்தைப் பற்றி நின்றது. தலைவன் செய்யும் அடையாள ஒலி என்று வேறோர் ஒலியை நம்பித் தலைவி வந்து ஏமாந்து திரும்புவதற்கு ‘அல்லகுறிப்படுதல்’ என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள். இன்று ‘குறி’க்கு இலக்கு, சோதிடம் என வேறு பொருள்கள் முந்திக்கொள்வதால், பேச்சில் அதை மீட்பது கடினம்.

‘காதல் சந்திப்பு’ என்ற மொழிபெயர்ப்பு பொருந்தாது. காதல் இன்னும் முடிவாகாத கட்டத்துக்கான சொல் ‘டேட்’. பொதுவாகச் ‘சந்திப்பு’, தெளிவு வேண்டுமிடத்தில் ‘தனிச்சந்திப்பு’, ‘ஃபர்ஸ்ட் டேட்’டுக்கு ‘முதல் சந்திப்பு’ என்பவை இயல்பாக அமையும். ‘டேட்டிங்’ என்பதற்குப் ‘பழகிப் பார்த்தல்’ என்பதைவிட நல்ல தமிழ் தேடவேண்டியதில்லை. அது ஏற்கெனவே மக்கள் வாயில் இருக்கிறது.