தும்பா ராக்கெட்டைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் நேராகப் போகுமா?

தேவகோட்டையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பள்ளிக் கண்காட்சிக்காகத் தும்பாவிலிருந்து முதன்முதலில் போன ராக்கெட்டின் மாதிரியைச் செய்கிறேன் சார். எல்லா அளவையும் சரியாகப் பத்தில் ஒன்றாக்கிவிட்டேன். அசலைப் போலவே இதுவும் காற்றில் நேராகப் போகும்தானே?”

போகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஏன் என்று பார்த்தால், ராக்கெட் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் அந்த ராக்கெட். 1963 நவம்பர் 21 மாலை திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து கிளம்பிய நைக்-அப்பாச்சி, அமெரிக்கத் தயாரிப்பு. இரண்டு அடுக்கு. கீழே சுமார் 42 செ.மீ. விட்டமுள்ள நைக், மேலே 16.5 செ.மீ. விட்டத்தில் மெலிந்த அப்பாச்சி. மொத்த நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று மேல். இதுபோன்ற ஆய்வு ராக்கெட்டுகள் எதையும் சுற்றுப்பாதையில் விடுவதில்லை. மேலே போகும், அளக்கும், விழுந்துவிடும். இது உயரே சோடியம் ஆவியை வெளியிட்டது. அந்த மேகம் நகர்வதைத் தரையிலிருந்து படம் பிடித்தால் அந்த உயரத்துக் காற்றின் வேகமும் திசையும் கிடைத்துவிடும். மேகம் தெரிய வேண்டுமென்றால் தரையில் இருட்டியிருக்க வேண்டும், மேலே வெயில் அடிக்க வேண்டும். அதனால்தான் அந்தி நேரம். ராகு காலம் பார்த்துக் கண்காட்சியைத் திறக்கச் சொல்லும் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். நல்ல நேரத்தைக் குறித்துக் கொடுத்தது சூரியன் நிற்கும் கோணம்.

சரி, மாதிரிக்கு வருவோம். நைக்குக்குத் துணிக்கடையில் கிடைக்கும் அட்டைக் குழலில் 42 மி.மீ.க்கு நெருக்கமான ஒன்று போதும். அப்பாச்சிக்கு ஒரு கம்பியின் மேல் சார்ட் பேப்பரைச் சுற்றி ஃபெவிகால் போட்டுக்கொள்ளலாம். மூக்குக் கூம்பைக் காரைக்குடியில் ஏதாவது கடைசல் பட்டறையில் கொடுத்தால் மரத்தில் கடைந்து தருவார்கள். வால் இறக்கைகளுக்கு மெல்லிய பிளைவுட். இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

இப்போது அந்த முக்கிய விஷயம். பறக்கும் ராக்கெட்டைக் காற்று லேசாகச் சாய்த்தால், அது தன் ஈர்ப்பு மையத்தை, அதாவது நூலில் கட்டினால் சமமாகத் தொங்கும் புள்ளியைச் சுற்றித்தான் திரும்பும். பக்கவாட்டிலிருந்து வரும் காற்றின் தள்ளல் முழுவதையும் ஒரே புள்ளியில் கூட்டி வைத்தால் அந்தப் புள்ளி அழுத்த மையம். நம் பழைய வீடுகளில், கீலுக்குப் பதிலாகக் குடுமி என்ற முளையில் சுழலும் கதவைப் பாருங்கள். குடுமி ஓரத்தில் இருப்பதால், பலகை முழுவதும் அதற்கு ஒரே பக்கம் கிடக்கிறது. காற்று அடித்தால் கதவு காற்றுப் போகும் திசையில் போய் நிற்கிறது. குடுமியை நட்டநடுவில் வைத்திருந்தால் அது எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாமல் ஆடும். ராக்கெட்டில் குடுமி இருக்கும் இடம் ஈர்ப்பு மையம். அழுத்த மையம் அதற்குப் பின்னால் இருந்தால், சாய்ந்த ராக்கெட்டின் வாலைக் காற்றே தள்ளி நேராக்கிவிடும். முன்னால் இருந்தால் சாய்ந்தது மேலும் சாய்ந்து குட்டிக்கரணம் போடும். குழலின் விட்டத்தில் ஒரு மடங்காவது பின்னால் இருக்க வேண்டும் என்பது மாதிரி ராக்கெட் செய்பவர்களின் கணக்கு.

நைக்-அப்பாச்சியின் அழகு இங்கேதான். அப்பாச்சிக்குத் தனி வால் இறக்கைகள் உண்டு. மேலே தனியாகப் பறக்கும்போது அதை நேராக வைத்திருப்பவை அவைதாம். ஆனால் கிளம்பும்போது இரண்டு அடுக்கும் சேர்ந்திருக்கின்றன, எடையில் பெரும்பங்கு நைக்கில் இருக்கிறது. ஆகவே மொத்த ராக்கெட்டின் ஈர்ப்பு மையம் நன்றாகக் கீழே இறங்கி, அப்பாச்சியின் இறக்கைகள் அதற்கு முன்னால் வந்துவிடுகின்றன! அடுத்த கட்டத்தில் காப்பாற்றப்போகிற அதே இறக்கைகள், முதல் சில நொடிகளுக்கு ராக்கெட்டைக் கவிழ்க்கப் பார்க்கின்றன. அவற்றையும் மீறி அழுத்த மையத்தைப் பின்னுக்கு இழுக்கத்தான் நைக்கின் வாலில் அவ்வளவு பெரிய இறக்கைகள். படத்தில் அவை அழகுக்காக இருப்பதுபோலத் தோன்றும். அவற்றின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் வேலை இருக்கிறது.

அளவைப் பத்தில் ஒன்றாக்கினால், அழுத்த மையம் வடிவத்தைப் பொறுத்தது என்பதால் மாதிரியிலும் ஏறத்தாழ அதே விகிதத்தில் நிற்கும். (ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது கதை மாறும், நமக்கு அந்தக் கவலை இல்லை.) ஈர்ப்பு மையம் அப்படியல்ல. அது உள்ளே என்ன வைத்தோம் என்பதைப் பொறுத்தது. அசல் அப்பாச்சியின் முன்பகுதியில் சோடியமும் கருவிகளும் கனத்துக் கிடந்தன. உங்கள் அப்பாச்சியில் அந்த இடம் வெறும் காகிதக் குழல், பின்னாலோ பிளைவுட்டும் பசையும். ஈர்ப்பு மையம் வாலை நோக்கி நகர்ந்துவிடும்.

சோதிக்க நூல் போதும். அப்பாச்சியை மட்டும் கழற்றி, படுக்கை வாட்டில் சமமாகத் தொங்கும் இடத்தைக் கண்டுபிடித்து நூலைக் கட்டுங்கள். நழுவாமல் டேப் ஒட்டுங்கள். வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், நடுவில் நின்று, தூண்களிலும் ஆட்களிலும் படாத அளவுக்கு நூலை விட்டு, தலைக்கு மேலே சுழற்றுங்கள். முதலில் மூக்கு அங்குமிங்கும் அலையும். வேகம் பிடித்ததும் மூக்கு முன்னே நோக்கி அசையாமல் நின்றால் வெற்றி. பக்கவாட்டில் திரும்பினாலோ வால் முன்னே வந்தாலோ, கூம்புக்கு அடியில் குழலுக்குள் கொஞ்சம் களிமண்ணை அடைத்து, நூலைப் புதிய சமநிலைப் புள்ளிக்கு மாற்றிவிட்டு மறுபடி சுழற்றுங்கள். களிமண் கூடக் கூட நூல் முன்னேறுவதையும் மூக்கு அடங்குவதையும் கண்ணாலேயே பார்க்கலாம். முழு ராக்கெட்டையும் சுழற்ற வளவு போதாது, மைதானம் வேண்டும். வட்டத்தில் சுழல்வதால் இது கொஞ்சம் கடுமையான சோதனை. இதில் தேறினால் நம்பலாம், தேறாதது எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது.

கணக்குப் போட விரும்பினால் அதற்கும் வழியுண்டு. நாசாவின் கோடார்ட் மையத்தில் ஆய்வு ராக்கெட்டுகளில் வேலை பார்த்த ஜேம்ஸ் பேரோமன், அழுத்த மையத்தைக் கண்டுபிடிக்கும் எளிய சூத்திரங்களை 1960களில் மாதிரி ராக்கெட் ஆர்வலர்களுக்காகவே எழுதினார். உங்கள் பள்ளிக் கணிதமே அதற்குப் போதும்.

இந்த மாதிரிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அதைக்கூடப் பிள்ளைகள் கைக்காசில் செய்ய வேண்டியிருப்பது எனக்கு வருத்தம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். அந்த மண்ணில் கல்யாண மண்டபங்களுக்குச் செலவாவதில் சிறு பங்காவது பள்ளி ஆய்வுக்கூடங்களுக்குப் போக வேண்டும்.

அப்புறம் இரண்டு விஷயங்கள். இதில் பட்டாசு மருந்தை அடைத்துப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். குழல் வெடித்தால் விரல் போய்விடும். நைக்கையும் அப்பாச்சியையும் பசை போட்டு ஒட்டவும் வேண்டாம், செருகி மட்டும் வையுங்கள். அசலிலும் அப்படித்தான். நைக் எரிந்து முடிந்ததும், பருத்த காலிக் குழலான அதைக் காற்று அதிகமாகப் பிடித்து இழுக்கும். மெலிந்த அப்பாச்சி அதிலிருந்து தானாக உருவிக்கொண்டு முன்னே போய், சற்று நேரம் கழித்துத்தான் தன் எரிபொருளைப் பற்றவைக்கும். பார்க்க வருபவர்களுக்கு அதை உங்கள் கையாலேயே உருவிக் காட்டலாம்.