அந்த ஒன்பது மீட்டர் தென்னையின் உயரம்

போன வாரம் மறுபடியும் ஒரு சுனாமி அபாய வரைபடம் வந்தது. தேங்காப்பட்டணம் பக்கத்து ஊர். கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு தென்னை விளை முழுக்கப் பச்சை, அதாவது பாதுகாப்பான இடம். "கடல் மட்டத்துக்கு மேலே ஒன்பது மீட்டர் சார், அலை வந்தால் ஆட்களை இங்கேதான் கூட்டப்போறோம், பலகையும் வச்சாச்சு" என்றார் கொண்டுவந்தவர். லெவல் கருவியோடு போய் அளந்தேன். தரை மூன்று மீட்டர்கூட இல்லை. இந்த வருடம் இது நான்காவது.

எத்தனை முறை சொல்வது! இந்த வரைபடங்களுக்கு எடுக்கும், இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்தது. அடர்ந்த தோப்பில் அந்த ரேடார் அலை தரைவரை இறங்காது. மட்டைகளுக்கிடையே எங்கோ பட்டுத் திரும்பிவிடும். வீடுகள் நெருங்கிய இடத்தில் கூரையில் பட்டுத் திரும்பும். கோப்பில் இருப்பது மரமும் கூரையும் தரையும் கலந்த எண். நீரோடியிலிருந்து மணக்குடிவரை எத்தனை தோப்பு, எத்தனை கூரை! எங்கே மரம், எங்கே வீடு என்று காட்டும் நிலப்பரப்பு வகைத் தரவையும் கூடவே விரியுங்கள் என்பது இதற்காகத்தான். மரம் இருந்தால் அபாயம் குறைவு என்று மதிப்பெண் போட மட்டும் அதை எடுக்கிறார்கள். எந்த இடத்து உயரத்தை நம்பக் கூடாது என்று முதலில் காட்டுவதே அதுதான். மரம் என்று வந்த இடத்திலெல்லாம் உயரத்தைக் குறைக்க வேண்டும்; எவ்வளவு என்பதைக் களத்தில் அளந்துதான் சொல்ல முடியும். (நெருக்கமான சவுக்கும், அடி வெறுமையாக நிற்கும் தென்னையும் பல வரைபடங்களில் ஒரே 'மரம்'. வரும் தண்ணீருக்கு இரண்டும் ஒன்றல்ல.)

30 மீட்டருக்கு ஒரு உயரம் என்று கட்டம்போட்ட இந்தத் தரவில் கரையோரத்து ஏ.வி.எம். கால்வாய் கரைந்தே போகும். 2004 டிசம்பர் 26 அன்று கொட்டில்பாட்டில் கடலுக்கும் அந்தக் கால்வாய்க்கும் நடுவே சிக்கித்தான் பலர் இறந்துபோனார்கள். மணக்குடியில் பொழி (ஆறு கடலில் சேரும் வாய்) வழியே ஏறிய அலை பாலத்தையே பெயர்த்தது. கடலுக்கு எவ்வளவு தூரம் என்று அளப்பவர்கள் பொழிக்கு எவ்வளவு தூரம் என்று ஏன் அளப்பதில்லை? மேற்கு பார்த்த கரைக்கு அலை வராது என்பவர்கள் குளச்சலிலும், கொல்லம் ஆலப்பாட்டிலும் போய்க் கேட்கட்டும்.

வரைபடம் தந்தவரிடம் தரையில் அளந்த உயரம் கேளுங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். சுனாமி எச்சரிக்கை தரும் ஐதராபாத் இன்காய்ஸ் மையத்திலிருந்து எச்சரிக்கை வந்தால் எந்தப் பாலம் வழியாகக் கால்வாயைக் கடப்பீர்கள்? வயசானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை நடந்து பாருங்கள். முதல் அலை வடிந்ததும் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். அடுத்தது பெரிதாக வரலாம்.

அந்த விளையில் வைத்த பலகையை இன்றைக்கே கழற்றிவிடுங்கள், தயவுசெய்து.