ஃப்ரீசரில் இன்சுலின் வைக்காதீர்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்த வாரமும் ஒரு அம்மா வந்தார். "ஃப்ரீசர்லயேதான் வெச்சிருக்கறனுங்க தம்பி, அப்புறம் எப்படி சுகர் முந்நூறைத் தாண்டுது?" கலங்கல் வகை இன்சுலின். குப்பியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தேன். பால்போல ஒரே சீராகக் கலக்க வேண்டியது, சுவரில் வெள்ளைத் துணுக்குகளாக ஒட்டிக்கொண்டு நின்றது.

குளிர் கூடக் கூட மருந்து பத்திரம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! மீனுக்குச் சரி, இன்சுலினுக்கு இல்லை. "உருகிட்டா பழையபடி தண்ணியாத்தானுங்களே இருக்குது?" என்று அடுத்த கேள்வி வரும். தண்ணீர் பழையபடி ஆகிவிடும். இன்சுலின் ஆகாது.

இன்சுலின் ஒரு புரதம், 51 அமினோ அமிலங்கள். உறைந்தாலும் அந்த வரிசை அறுந்துபோவதில்லை. கெடுவது மடிப்பு, அதாவது அந்த வரிசை சுருண்டு மடிந்து நிற்கும் உருவம். எண்ணெய்க் குணமுள்ள பகுதிகள் தண்ணீருக்கு ஒதுங்கி உள்ளே பதுங்கும்; தண்ணீரோடு ஒத்துப்போகும் பகுதிகள் வெளியே நின்று ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் வலு, அணுக்களைக் கோக்கும் சகப்பிணைப்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். இப்படிப்பட்ட சின்னப் பிடிகள் பல சேர்ந்துதான் மருந்தின் உருவத்தைக் காக்கின்றன. தண்ணீர் பனிக்கட்டியாக இறுகும்போது மருந்தை ஓரத்துக்குத் தள்ளும். அந்த நெரிசலில் மடிப்பு குலையும், உள்ளே பதுங்கியவை வெளியே வந்து ஒன்றோடொன்று ஒட்டும். கலங்கல் வகையில் துகள்களே கட்டிதட்டிப் போகும். தெளிந்த வகையில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாமலும் போகலாம். அதனால் உறைந்ததோ என்று சந்தேகம் வந்தாலே தூக்கிப் போடுங்கள், காசைப் பார்க்காதீர்கள்.

திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி. ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டு போதும். ஃப்ரீசருக்குக் கீழேயும் பின்சுவரை ஒட்டியும் வேண்டாம். திறந்ததைப் பெரும்பாலும் நான்கு வாரம் வெளியில் வைக்கலாம், ஆனால் நம் பாலக்காட்டு மார்ச் வெயில் 'வெளி' கணக்கில் வராது. ஃப்ரிட்ஜ் இல்லையா? ஈர மணல் போட்ட மண்பானைக்குள் இன்னொரு சின்னப் பானை வைத்து அதில் வையுங்கள். பொள்ளாச்சிக்குப் போகும்போது ஐஸ் மேல் நேராக வைக்காமல் துணி சுற்றுங்கள். பைக் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் என்ன சொல்ல!

எனக்கு உண்மையில் பயம் வேறு இடத்தில். மருந்து செத்தது தெரியாமல் டாக்டர் 10 யூனிட்டை 16 ஆக்குவார். பிறகு புதுக் குப்பி வாங்கி அதே 16 போடுவீர்கள். இது முழுசாக வேலை செய்யும். வியர்க்கும், கை நடுங்கும், சுகர் கீழே போய் மயங்கி விழுவீர்கள். ஆகவே தயவுசெய்து, சுகர் காரணமில்லாமல் ஏறினால் அளவைக் கூட்டச் சொல்லும் முன் குப்பியை எங்கே வைத்திருந்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். குப்பியையும் கையோடு கொண்டுபோங்கள்.