'இல்லை' என்ற விடையைச் சரிபாருங்கள்

ஒரு மதிப்பு ஒரு தொகுப்பில் இருக்கிறதா என்று சோதிப்பது நிரலாக்கத்தில் ஒரே வரியில் முடிந்துவிடும் வேலை. பைத்தான் என்ற நிரல்மொழியில் 'இன்' என்ற ஒரு சொல்லே போதும். பெங்களூருவில் பெயர்ப் பட்டியல்களைக் கையாளும் நிரல்களைச் சரிபார்ப்பவன் என்ற முறையில், நான் மிகவும் அஞ்சுவது இந்த ஒரு வரியைத்தான். தவறும்போது இது பிழைச்செய்தி எதையும் காட்டுவதில்லை. 'இல்லை' என்கிறது, அவ்வளவே. பட்டியலில் இருப்பவர் அந்த விடையால் இல்லாதவராகிவிடுகிறார்.

வேகத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். மதிப்புகளை வரிசையாக வைக்கும் லிஸ்ட்டில் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியிருப்பதால் தொகுப்பு பெருகப் பெருக நேரமும் கூடும். செட் என்ற தொகுப்பு வகையோ, ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் கணக்கிடும் ஹாஷ் என்ற எண்ணைக் கொண்டு உரிய இடத்துக்கே செல்வதால் பொதுவாக அந்தக் கவலை இல்லை. இதை அறிந்தவர்கள்கூட, இரு மதிப்புகள் எப்போது சமமாகின்றன என்று கேட்பதில்லை. பெங்களூருவின் அல்சூர் பகுதியின் அஞ்சல் குறியீடான 560008 ஓரிடத்தில் எண்ணாகவும் மற்றோரிடத்தில் எழுத்துச் சரமாகவும் இருந்தால், பைத்தானுக்கு அவை வேறுவேறு. தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.லில், 'இதில் இல்லாதவை' என்று பொருள்படும் 'நாட் இன்' பட்டியலுக்குள், மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் ஒரே ஒரு 'நல்' நுழைந்தாலும், பட்டியலில் இல்லாதவர்களைக் கேட்கும் வினவல் ஒரு வரிசையைக்கூடத் தராது.

தமிழ்ப் பெயர்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. 'கோமதி' என்ற பெயரின் முதலெழுத்தை, எழுத்துகளுக்கு எண் தரும் தரமான யூனிகோடில் ககரத்துடன் ஓகாரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம். ஏகாரக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. நினைவகத்தில் முன்னதற்கு ஐந்து குறிகள், பின்னதற்கு ஆறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். பைத்தானின் யூனிகோட்டேட்டா என்ற நிரல்தொகுதியில் அதற்கான நார்மலைஸ் செயற்கூறு இருக்கிறது.

'கௌரி' அவ்வாறு தீராது. ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பையும் ளகரத்தையும் தட்டி 'கெளரி' என்று உள்ளிடும் வழக்கம் நம்மிடையே பரவலானது. யூனிகோடு விதிப்படி அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள் என்பதால் என்.எஃப்.சி. அவற்றைத் தொடாது. அந்த இணையைக் கண்ட இடமெல்லாம் ஔகாரமாக மாற்றினாலோ, 'கெளுத்தி' போன்ற சொற்கள் சிதைந்துவிடும். ஆகவே சேமித்த பெயரை மாற்றாமல், தேடும்போது இரு வடிவங்களையும் தேடுங்கள். உள்ளிட்டதற்கு மாறான வடிவம் கிடைத்தால், ஒருவர் பார்த்து உறுதிசெய்யும்வரை 'இல்லை' என்ற விடையைப் பயனருக்கு அனுப்பாதீர்கள்.