சுற்றுலாத் தளங்களின் ஆங்கிலம்: வர்ணனைக்குள் தொலைந்துபோகும் தகவல்

சுற்றுலா இணையதளங்களின் ஆங்கிலப் பக்கங்களைத் திருத்தித் தருவது என் தொழில். வேலையை ஒப்படைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வேண்டுகோளைத்தான் வைக்கிறார்கள்: "இலக்கணப் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்." அதைச் செய்து கொடுக்கிறேன். ஆனால் ஒரு பக்கத்தை நம்பிப் புறப்பட்ட பயணி இலக்கணப் பிழையால் சிரமப்படுவது மிகக் குறைவு என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது. 'தி' வரவேண்டிய இடத்தில் 'எ' வந்தாலும், 'இன்' இருக்கவேண்டிய இடத்தில் 'அட்' இருந்தாலும் அவர் பொருளைப் பிடித்துக்கொள்வார். பிழையே இல்லாமல் அழகாக ஓடி, அவருக்கு வேண்டிய செய்தி ஒன்றைக்கூடச் சொல்லாத ஆங்கிலம்தான் அவரை நடுவழியில் நிறுத்துகிறது.

அண்மையில் ஓர் அருவியைப் பற்றிய பக்கம் திருத்தத்துக்கு வந்தது. முதல் பத்தியிலேயே 'பிரெத்டேக்கிங்', 'நெஸ்டில்ட்', 'ஹிடன் ஜெம்', 'மஸ்ட் விசிட்' ஆகிய நான்கு வர்ணனைச் சொற்களும் இருந்தன. அவற்றை அடித்துவிட்டு மீதியைப் படித்துப் பார்த்தேன். மலைகளுக்கு நடுவே ஓர் அருவி இருக்கிறது என்பது மட்டுமே மிஞ்சியது. எந்த மாதங்களில் தண்ணீர் விழும், வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்கவேண்டும், குளிக்க அனுமதி உண்டா, கடைசியாக எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் என்ற எந்தக் கேள்விக்கும் அதில் பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது தள நிர்வாகி எல்லாவற்றையும் தயங்காமல் சொன்னார். கோடையில் அருவி முற்றிலும் வற்றிவிடும் என்பதையும் சொன்னார். அவர் விரல் நுனியில் இருந்த விவரங்கள் பக்கத்தில் ஏறாமல் போனதற்குக் காரணம், சுற்றுலா ஆங்கிலம் என்றாலே வர்ணனைதான் என்று அவர் நம்பியிருந்ததுதான்.

அந்த நம்பிக்கை தவறு என்று காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. இணையதளப் பயன்பாட்டை ஆராய்ந்த ஜான் மோர்க்ஸ், ஜேக்கப் நீல்சன் ஆகிய இருவரும் 1997-இல், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தைப் பற்றிய ஒரு சுற்றுலாத் தளத்தையே ஐந்து விதமாக எழுதிச் சோதித்தார்கள். முதல் வடிவம் வழக்கமான விளம்பர நடையில் இருந்தது. புகழ்ச்சொற்களை மட்டும் களைந்த வடிவம், தளத்தைப் பயன்படுத்த எவ்வளவு எளிது என்ற அளவீட்டில் அதைவிட 27 விழுக்காடு மேம்பட்டிருந்தது; சொற்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்த வடிவம் 58 விழுக்காடு மேம்பட்டிருந்தது. சுருக்கம், மேலோட்டமாகக் கண்ணை ஓட்டிப் படிக்க வசதியான அமைப்பு, புகழ்ச்சியற்ற நடை ஆகிய மூன்றையும் சேர்த்த வடிவத்தில் முன்னேற்றம் 124 விழுக்காடு. புகழ்ச்சொல்லைக் காணும்போதெல்லாம் இது உண்மைதானா என்று வாசகரின் மனம் ஒரு கணம் நின்று எடைபோட வேண்டியிருக்கிறது, அந்தச் சுமையே அவரைத் தகவலிலிருந்து விலக்குகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். என் அனுபவமும் அதையே சொல்கிறது.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். சுற்றுலாத் தளத்தின் ஆங்கிலப் பக்கத்தைப் படிப்பவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. பலர் அதை உலாவியின் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுத் தங்கள் மொழியில் படிக்கிறார்கள்; ஆங்கிலத்தில் இருபொருள் தரும் ஒரு வாக்கியம் அங்கே தவறான ஒற்றைப் பொருளாக உறைந்துவிடும் வாய்ப்பு அதிகம். 'தி போட் மே நாட் ரன் ஆஃப்டர் ஃபைவ்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ஐந்து மணிக்குப் பிறகு படகு ஓடாமல் போகலாம் என்றும் படிக்கலாம், ஓடக்கூடாது என்றும் படிக்கலாம். 'குளோஸ்டு அன்டில் 15 மார்ச்' என்றால் பதினைந்தாம் தேதி திறந்திருக்குமா, மூடியிருக்குமா? 'ஹாஃப் செவன்' என்பது பிரிட்டிஷ் பேச்சில் ஏழரை. அதே அமைப்பு ஜெர்மன் மொழியில் ஆறரையைக் குறிப்பதால், ஜெர்மானியப் பயணி ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து காத்திருக்கக்கூடும். தேதியை 03/04 என்று எழுதினால் சிலர் அதை மார்ச் என்றும் மற்றவர்கள் ஏப்ரல் என்றும் எடுத்துக்கொள்வார்கள். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே எழாது.

சில சொற்களின் விளைவு இதைவிடக் கடுமையானது. ஓர் அருங்காட்சியகத்தின் பக்கத்தில், பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் இருக்கிறது என்ற பொருளில் 'ஃபுல்லி அக்சஸிபிள்' என்று எழுதியிருந்தார்கள். சக்கர நாற்காலியில் இயங்குபவருக்கு அந்தச் சொல் தரும் பொருள் ஒன்றே ஒன்றுதான்: படி ஏறாமல் நாற்காலியிலேயே உள்ளே போய்வரலாம். அதை நம்பித் தன் தந்தையை அழைத்து வந்த ஒரு பெண், வாசலில் 14 படிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். அவர் அனுப்பிய மின்னஞ்சலை நிர்வாகம் எனக்கு அனுப்பியிருந்தது. கோபமான சொல் ஒன்றுகூட அதில் இல்லை; படிகளின் எண்ணிக்கையை மட்டும் தளத்தில் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டிருந்தார். அந்தப் பக்கத்தை எழுதியவர் ஆங்கிலம் நன்றாக அறிந்தவர்தான். அந்தச் சொல்லை யார் தேடி வருவார்கள் என்று மட்டும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதிய பக்கங்களும் திருத்தத்துக்கு வருகின்றன. இலக்கணம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் இல்லாத நடைபாதையும் சரிபார்க்கப்படாத திறப்பு நேரமும் அதே சரளத்தோடு இடையில் கலந்திருக்கின்றன. அத்தகைய பக்கத்தில் எண்ணும் நேரமும் வரும் ஒவ்வோர் இடத்தையும் அந்த இடத்தைப் பராமரிப்பவரிடமே கேட்டு உறுதி செய்யாமல் வெளியிடக்கூடாது.

தளம் நடத்துபவர்களிடம் நான் பரிந்துரைக்கும் சோதனை எளிமையானது. அந்த இடத்துக்கு இதுவரை போகாத, ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஒருவரிடம் பக்கத்தைக் கொடுத்து, நாளை காலை அங்கே போவதாக நினைத்துக்கொண்டு திட்டம் போடச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் திரும்பிக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் பக்கத்தில் விடுபட்ட ஒரு வரி.

அருவிப் பக்கத்தையும் அப்படித்தான் சோதித்தோம். இப்போது அது, தண்ணீர் விழும் மாதங்கள் எவை, எந்த மாதங்களில் அருவி வறண்டிருக்கும் என்ற இரண்டு சிறிய வாக்கியங்களோடு தொடங்குகிறது. இரண்டாவது வாக்கியத்தை முதல் பத்தியில் வைக்க நிர்வாகி நெடுநேரம் தயங்கினார்; வறண்ட பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எழுதிய கருத்துகளை மறுபடி ஒருமுறை படித்த பிறகு, அதை அங்கேயே வைக்கச் சொல்லிவிட்டார்.