லைசன், பேமிற், உரிமம்

மட்டக்களப்பில் ‘லைசன்’ என்றால் யாருக்கும் முதலில் வாகனம் ஓட்டும் அட்டைதான் ஞாபகம் வரும். அதன் அரசாங்கப் பெயர் சாரதி அனுமதிப்பத்திரம். ஆனால் மத்திய வங்கியின் தமிழில் அதே சொல் ‘உரிமம்’: உரிமம் பெற்ற வர்த்தக வங்கி, உரிமம் பெற்ற நிதிக் கம்பனி.

இலத்தீனில் ‘லிசெற்’ என்றால் ‘செய்யலாம், தடையில்லை’ என்று பொருள். அந்த வேர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. உரிமம் ‘உரி’ என்ற அடியில் பிறந்தது. உரிமை, உரியவர், உரித்து எல்லாம் அதன் சொந்தங்கள். அனுமதி வடசொல். எனக்கு உரிமம்தான் பிடிக்கும். ஆனால் காதில் ‘உரிமை’ என்று விழுந்துவிடுகிறது. உரிமத்தைக் கொடுத்தவரே இரத்தும் செய்யலாம் என்பது அதில் மறைந்துபோகிறது.

பேமிற் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி, வைத்திருக்கும் அம்பாறை விவசாயிக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி கிடைத்த காணியில் உழலாம், விதைக்கலாம், நினைத்தபடி விற்க முடியாது.

‘புதுப்பித்தல்’ என்ற சொல் வருவதும் இதனால்தான். வெளிநாட்டுக் காசு மாற்றும் கடைக்காரர் தன் அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வங்கிகள் வருடாந்த உரிமக் கட்டணம் கட்டுகின்றன.

சரி, ஊரில் உரிமத்தோடு அதிகம் குழம்பும் சொல் ‘பதிவு’. மக்களிடம் சேமிப்பு வாங்கும் ஓர் இடத்தில், சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டிய தாளைக் காட்டி, “இது கவர்மெண்டில பதிஞ்ச இடம் அக்கா” என்றார்களாம். அதை நம்பிச் சேமிப்பைக் கொடுத்தவர் என் உறவுக்காரி; அந்தக் காசு திரும்பவில்லை. அந்தத் தாள் வெறும் கம்பனிப் பதிவு. 2007இன் கம்பனிகள் சட்டத்தில் யாரும் கம்பனி பதியலாம். மக்களிடம் வைப்புப் பணம் வாங்கிக் கடன் கொடுக்கும் நிதித்தொழிலுக்கு 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மத்திய வங்கியின் உரிமம் வேண்டும்.

ஆகவே பதிவு என்பது பெயரைப் புத்தகத்தில் ஏற்றுவது. உரிமம் என்பது அந்தத் தொழிலைச் செய்ய விடுவது. அனுமதிப்பத்திரம் அதைச் சொல்லும் தாள். உரிமம் பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ முறிந்தால் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை கொடுக்கும். பதிவு மட்டும் உள்ள இடத்தில் போட்ட காசுக்கு அது கிடையாது.