கைமாத்து கேட்க ஆள் இல்லாத இடம்

பிரஷர் 180/110. போன முறை கட்டுக்குள் இருந்தது. "மாத்திரை போடுறீங்களாம்மா?" என்று கேட்டேன். பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் பாதி அப்படியே இருந்தது. "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுறேன், டாக்டரம்மா."

அடையாறில் கிளினிக் வைத்திருக்கிறேன். இந்த அம்மா இங்கே நான்கு வீடுகளில் வேலை செய்தவர். ஆற்றங்கரையில் குடியிருந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் அடுக்குமாடியில் வீடு ஒதுக்கினார்கள். கான்கிரீட் வீடு, உள்ளேயே கழிப்பறை. அது சின்ன விஷயமில்லை. ஆனால் நடந்து வந்த வேலைக்கு இப்போது விடியற்காலையில் பஸ் பிடிக்க வேண்டும். 2021 முதல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் காசு மிச்சம், நேரம்தான் போகிறது. நான்கு வீடு இரண்டாகிவிட்டது.

சம்பளம் குறைந்ததைவிட அக்கம்பக்கம் போனதுதான் அவருக்குப் பெரிய அடி. முன்பு சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிவர எதிர்வீட்டுப் பெண் இருந்தாள். பேரனைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு ஆயா. அவசரமென்றால் வட்டியில்லாத கைமாத்து. ஒதுக்கீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு பிளாக்குக்குப் போய்விட்டார்கள். இலவச மாத்திரைக்கு வரிசையில் நிற்க அரைநாள் லீவு போட வேண்டும், அதனால் கடையில் வாங்குகிறார். மகள் காலேஜ் ஃபீஸுக்குத் தண்டலில் 10,000 ரூபாய் எடுத்திருக்கிறார். கைக்கு வந்தது 8,500. தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால் அந்த 1,500 ரூபாய் மிஞ்சியிருக்கும், மாத்திரையும் ஒழுங்காகப் போயிருக்கும்.

அவர் வேலையை விட்ட வீடுகளில் ஒன்றில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். அவரும் என் நோயாளிதான். பல வருஷம் இந்த அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்வந்தவர். இப்போது ஏஜென்சி மூலம் மாதத்துக்கு ஒருவர் வருகிறார்கள், கேட்டில் அவர்கள் பையைத் திறந்து பார்க்கிறார்கள். "யாரைம்மா நம்புறது?" என்கிறார். தூக்கம் வரவில்லை என்று மாத்திரை கேட்கிறார்.

ஏற்றத்தாழ்வு தூரமாகிறது. தூரம் சந்தேகமாகிறது. அப்புறம் பொதுவான ஒன்றுக்காகச் சேர்ந்து கேட்க ஆளில்லை. கார்ப்பரேஷன் பள்ளியில் வாத்தியார் இல்லையென்றாலும் சுகாதார நிலையத்தில் மருந்து இல்லையென்றாலும் வசதியுள்ளவர்களுக்கு அது தெரிவதேயில்லை, அவர்கள்தான் அங்கே போவதில்லையே. குரல் எடுபடும் ஆட்கள் விலகியதும் அந்த இடங்கள் இன்னும் நலிகின்றன. அடிபடுவது மறுபடியும் இல்லாதவர்கள்தான்.

இது இப்படித்தான் இருக்கும் என்று நான் நம்பவில்லை. அந்த வெள்ளத்தில் மீனவர்கள் படகோடு தெருவுக்குள் வந்து மாடிவீட்டுக்காரர்களை மீட்டார்கள். யார் எந்தக் குப்பம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்கு அவசரமென்றால் வட்டியில்லாமல் முன்பணம் கொடுங்கள், மாதம் 500 ரூபாயாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சுகாதார நிலையம் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். பிரஷர், சுகர் இருந்தால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள், வீட்டுக்கே மாத்திரை வரும். இந்த அம்மாவுக்கு அப்படித்தான் ஏற்பாடு செய்தோம்.

இப்போதெல்லாம் பிரஷர் பார்க்கும்போதே நான் இன்னொன்றும் கேட்கிறேன்: "ராத்திரியில உடம்புக்கு முடியலன்னா யார் வீட்டுக் கதவைத் தட்டுவீங்க?" அந்த அம்மா முதலில் பதில் சொல்லவில்லை. பெரியவரும் சொல்லவில்லை.